மண் சுமந்த மலை

முதல் நேர்காணலில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தது என்னைக் கவிழ்த்தது. இரண்டாவதில் என் வாயே கவிழ்த்தது. ஜெர்மனியில் ஒரு பெரிய நகரத்து முதியோர் இல்லம் அது. கணினித் திரையில் ஒரு அம்மா, "உங்களுக்குப் பொறுமை உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். நெட் இழுத்து இழுத்து வந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். இன்னொரு முறை கேட்டபோது, "உண்டு என்றுதானே சொல்கிறேன்!" என்று கத்திவிட்டேன். அது மட்டும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

என் பெயர் கலைமணி. யாங்கோனில், ஷ்வேப்யிதா பகுதியில் ஒரு தையல் ஆலையில் குளிர்நாட்டுக் கோட்டுகளுக்கு ஜிப் வைக்கிறேன். நான் ஜிப் வைத்த கோட்டுகளெல்லாம் எனக்கு முன்னாலேயே ஐரோப்பா போய்விட்டன. எனக்கு மட்டும்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நகர நடுவே லத்தாவில் பிளாஸ்டிக் வாளி மொத்த வியாபாரம் செய்யும் கடைக்கு மேல்மாடியில் ஜெர்மன் வகுப்பு. அங்கே படித்துத் தேர்வு எழுதி, ஏதாவது ஒரு முதியோர் இல்லம் நம்மைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டால், சம்பளத்தோடு நர்சு வேலை படிக்கலாம். தேர்வில் எனக்கு நல்ல மதிப்பெண். எடுத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

சொல்லிக்கொடுப்பவர் பர்மியப் பெண்மணி. ஆசிரியை என்பதற்கு பர்மியச் சொல் ஸயாமா. நாங்களும் அப்படியே கூப்பிடுவோம். அவர் எங்களை பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன்னால் 'மா' சேர்த்துக் கூப்பிடுவார். இரண்டாவது இல்லமும் கைவிரித்த பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மா கலைமணி, இன்னும் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. கெர்லிங்ஸ்பெர்க் என்று ஒரு மலையூர். இதுவும் போனால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் நம் பிள்ளைகளை நாட்டைவிட்டு வெளியே விடுவார்களா, யாருக்குத் தெரியும்?"

"போறேன், ஸயாமா."

"போகிறது பெரிதில்லை. ஏன் எங்கள் ஊர் என்று கேட்பார்கள். அழகான ஊர், அமைதியான மக்கள் என்று அளக்காதே. அந்த ஊரைப் படித்துவிட்டு வா."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேலைக்குப் போகிறவளுக்கு எதற்கு ஊர் வரலாறு? படத்தில் பார்த்தால் ஒரு குன்று, அதன் உச்சியில் சிவப்பு ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு கோபுரம். எங்கள் ஆலையில் மதியச் சோற்றுக்கு வரிசையில் நிற்கிற கூட்டம்கூட அங்கே இருக்காது. இதில் படிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தபடி, காலையில் ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஃபெரி பஸ்ஸில் அந்த ஊரின் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்தேன். கெர்லிங்ஸ்பெர்க் என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரி எனக்கு விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஒரு ஆறு அந்தக் குன்றை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. நாலாவது பக்கம் மட்டும் மெல்லிய கழுத்து மாதிரி ஒரு பாறைப் பாலம். அந்தக் கழுத்தையும் அந்தக் காலத்து ஆட்கள் குறுக்கே வெட்டிப் பள்ளமாக்கி, அதன்மேல் தூக்குப் பாலம் போட்டுவிட்டார்கள். பாலத்தைத் தூக்கிவிட்டால் ஊர் வானத்தில் நிற்கும். எவனும் உள்ளே வர முடியாது. கெட்டிக்காரர்கள்தான் என்று ஒத்துக்கொண்டேன். அதற்குமேல் மயங்கவில்லை.

அடுத்த வாக்கியத்தில் மயங்கினேன். ஊர் நடுவில் இருக்கும் தேவாலயத்தின் சுவர்களைக் கிட்டே போய்ப் பார்த்தால் கல்லுக்குள் சிப்பிகள் தெரியும் என்று எழுதியிருந்தது. அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். சிப்பிதான். வேறு அர்த்தம் இருக்குமோ என்று மறுபடி தேடினேன். கடற்சிப்பியேதான். அந்தக் குன்று முழுக்கச் சுண்ணாம்புக்கல். அந்தக் கல் முழுக்க ஒரு காலத்தில் கடலின் அடித்தரை. மனிதன் என்று ஒருவன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு அங்கே அலையடித்திருக்கிறது. அந்தக் கடலின் தரையை வெட்டி எடுத்துத்தான் மலைமேல் கோயில் கட்டியிருக்கிறார்கள். நான் இறங்கவேண்டிய இடம் தாண்டி பஸ் போய்விட்டது. அன்று அரை மணிச் சம்பளம் பிடித்தார்கள். மேற்பார்வையாளன் திட்டியதுகூட என் காதில் சரியாக ஏறவில்லை.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அம்மா தைலம்மாள் தெருமுனையில் சமூசா தோ விற்கிறாள். சமூசாவைக் கத்தரியால் வெட்டி, கோஸும் வெங்காயமும் புளித்தண்ணியும் சேர்த்துப் பிசைந்து கொடுப்பது. நான் போனபோது கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சிப்பி எப்படிடி மலைக்குப் போச்சு? யாராச்சும் தின்னுட்டுப் போட்டிருப்பாங்க."

"இல்லம்மா. மலையே கடலுக்கு அடியில கெடந்துச்சாம். பொறவு மேல வந்துச்சாம்."

"யாரு தூக்கினா?"

"யாரும் தூக்கல. தானா வந்துச்சு."

"தானாவா? இந்தச் சட்டி தானா அடுப்பில ஏறுமா? நான் இல்ல தூக்கி வைக்கிறேன்!" என்றாள். ஆனால் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மலை மேல என்ன சாமி?" என்று கேட்டாள்.

படத்தைக் காட்டினேன். மிக்கேல் என்கிற தேவதூதர். இளவட்டப் பிள்ளை, கையில் வேல், காலுக்குக் கீழே ஒரு அரக்கப் பாம்பு. அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இது முருகன்தானேடி? இத எதுக்கு வேற பேரு சொல்லிக்கிட்டிருக்க?" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திரையெல்லாம் புளித்தண்ணி.

அதற்குப் பிறகு எனக்கு அந்த ஊர்ப் பைத்தியம் பிடித்துவிட்டது. மின்சாரம் முறைவைத்து வருகிற வீட்டில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதே ஒரு பாடு. ஏறிய சார்ஜையெல்லாம் அந்த மலைக்கே செலவழித்தேன். அங்கே மேலே தண்ணீர் கிடையாது. முதலில் கழுதைகள் ஆற்றிலிருந்து தோல்பைகளில் சுமந்திருக்கின்றன. பிறகு ஒருவன் பாறையில் கிணறு வெட்ட ஆரம்பித்தான். உளியும் சுத்தியலும்தான். அவன் ஆயுசு முழுக்க வெட்டினான், தண்ணீர் வரவில்லை. செத்துப்போனான். அவன் மகன் இறங்கி வெட்டினான். ஆற்றின் மட்டத்துக்குப் போன பிறகுதான் தண்ணீர் வந்தது. மகன் அதைக் குடித்தான். அப்பன் என்ன நம்பிக்கையில் அத்தனை காலம் வறண்ட பாறையைக் கொத்தினான்? அதை நினைத்து ஜிப் வைக்கும் இடத்தில் நின்று அழுதேன். நூல் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

யாங்கோன்காரிக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? எங்களுக்குத் தெரிந்த மேடு ஒன்றுதான், ஷ்வேடகோன் பகோடா நிற்கிற குன்று. ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்து அங்கே போனேன். எத்தனையோ தடவை போயிருக்கிறேன், வேண்டுதலுக்கு, வேடிக்கைக்கு. அன்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெற்குப் படியில் ஏறும்போது, காலுக்குக் கீழே இருப்பது குன்று என்று முதல்முறையாக உறைத்தது. வடக்கே பெகு யோமா மலைத்தொடர் நீண்டு நீண்டு வந்து, சேற்றில் மூழ்குவதற்கு முன் கடைசியாக ஒருமுறை தலைதூக்கிய இடம் இது. மேலே பொன் கோபுரம். கீழே, நான் பிறந்து வளர்ந்த ஊர் முழுக்க ஆற்றுச் சேறு காய்ந்த தரை. இங்கேயும் மூன்று பக்கம் தண்ணீர்தான். ஊர்கள் எல்லாமே இப்படி ஏதோ ஒரு மேட்டைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்கினவா? யாரிடம் கேட்பது? சுற்றிலும் எல்லாரும் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கும்பிட்டேன். அந்த மலைக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

நேர்காணலுக்கு முந்தின நாள் அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்தின் பக்கம் ஒன்று கிடைத்தது. ஒரு வாக்கியம் படித்தேன். "நம் முன்னோர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் அடிவாரத்து மண்ணைக் கூடைகளில் முதுகில் சுமந்து மலைமேல் கொண்டுசேர்த்தார்கள்." அத்தோடு நெட் போய்விட்டது. அதற்குக் கீழே ஏன் என்று எழுதியிருந்திருக்கும். எனக்கோ ஏன் என்று கேட்கவே தோன்றவில்லை. ஒரு இடத்து மண்ணை இன்னொரு இடத்துக்கு எதற்காகச் சுமப்பார்கள் என்று எங்கள் ஆட்களில் யாருக்குத் தெரியாது?

எங்கள் தெருவில் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த எங்கள் பூட்டன்மார், புறப்படும்போது ஊர்க் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து, துணியில் முடிந்து, இடுப்பில் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். அந்தப் பிடிமண்ணை இங்கே இறக்கி, அதன்மேல்தான் கோயிலை எழுப்பினார்கள். மண் வந்தால் சாமி வந்தது. அவர்கள் கொண்டுவந்தது ஒரே ஒரு பிடி. இந்த ஜெர்மன்காரர்களோ கூடை கூடையாக, வருடா வருடம், பனியில் சுமந்திருக்கிறார்கள்! அடிவாரத்தில் எத்தனை பெரிய சாமி இருந்திருக்க வேண்டும்! எனக்குப் புல்லரித்துவிட்டது.

நேர்காணல் எங்கள் வகுப்பறையிலேயே, பிற்பகலில். அங்கே அப்போது காலை. மின்சாரம் போனாலும் தாங்குவதற்கு ஸயாமா பேட்டரி ஏற்பாடு செய்திருந்தார். கேமராவில் விழாத மூலையில் அவரே உட்கார்ந்துகொண்டார். என் வாயைக் கண்காணிக்கத்தான்.

திரையில் வந்தவர் திருமதி வீகாண்ட், இல்லத்தின் தலைவி. நரைத்த குட்டை முடி, களைத்த முகம். பெயர், படிப்பு, குடும்பம் எல்லாம் கேட்டார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"ஏன் எங்கள் ஊர்?"

தயார் செய்து வைத்திருந்த நாலு வாக்கியமும் காணாமல் போயின. நான் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தேன். கடலைச் சொன்னேன். சிப்பியைச் சொன்னேன். தண்ணீரைப் பார்க்காமலே செத்துப்போன அந்த அப்பனைச் சொன்னேன். என் ஜெர்மனில் வினைச்சொற்கள் வரவேண்டிய இடத்துக்கு வராமல் ஓடிப்போயின, நான் துரத்தவில்லை. "அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது மண்," என்றேன். "உங்கள் முன்னோர்கள் அடிவாரத்துக் கோயில் மண்ணை ஒவ்வொரு குளிர்காலமும் முதுகில் சுமந்துகொண்டுபோய், மலைமேல் கடவுளை நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களும் அப்படித்தான் மண் கொண்டுவந்தார்கள். கப்பலில்."

திரையில் முகம் அசையவில்லை. நெட்தான் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை.

"கோயில் மண்ணா?" என்று கேட்டார். "யார் சொன்னது?"

மூலையில் ஸயாமா தலையில் கை வைத்துக்கொண்டார். போயிற்று, மூன்றாவதும் போயிற்று.

"நான் இந்த ஊரில் பிறந்தவள் இல்லை," என்றார் திருமதி வீகாண்ட். "இங்கே ஒருவருக்குத் தெரியும். இருங்கள்." கணினியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். திரையில் கூரை ஆடியது, விளக்குகள் ஆடின, ஒரு நீண்ட நடைவழி வந்தது. பிறகு அவர் ஒரு பெரிய ஜன்னலைக் கடந்தார்.

"கடல்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

வெள்ளையாக, அசையாமல், கண்ணுக்கு எட்டியவரை கிடந்தது. ஆறு இல்லை, பள்ளத்தாக்கு இல்லை, அடிவாரம் இல்லை. தூரத்தில் இரண்டு குன்றுகளின் உச்சி மட்டும் தீவுகளாக நின்றன. அதன்மேல் வெயில். நான் கைகாட்டியதைப் பார்த்து அவர் நின்று, கணினியை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"பனிமூட்டம்," என்றார். "குளிர்காலக் காலைகளில் கீழே எல்லாம் மூழ்கிவிடும். நாங்கள் மட்டும் மேலே."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று கேட்டால் தெரியாது. கோயிலில் திரை விலகும்போது உட்கார்ந்துகொண்டிருக்க முடியுமா? அந்தக் கடல் போய்விட்டதாக யார் சொன்னது? வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறது.

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் ஒரு கிழவர் இருந்தார். திரு லோரென்ஸ். திருமதி வீகாண்ட் என் மண் கதையை அவர் காதருகே குனிந்து உரக்கச் சொன்னார். கிழவர் கேட்டார். சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. அவருடைய மலைப்பக்கத்துப் பேச்சு எனக்குப் பாதி புரியவில்லை. அவர் சொன்னதைத் திருமதி வீகாண்ட்தான் எனக்குப் புரியும்படி திருப்பிச் சொன்னார்.

"கடவுளாவது ஒன்றாவது! சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். கோடை மழையில் மண் கரைந்து அடிவாரத்துக்கு ஓடிவிடும், கொடியின் வேர் வெளியே வந்துவிடும். அதே மண்ணைக் குளிர்காலத்தில் வாரிக்கொண்டு மேலே ஏறுவோம். அடுத்த கோடையில் மறுபடி ஓடிவிடும். நானும் சுமந்திருக்கிறேன். தோள்பட்டை தோல் உரிந்துவிடும். அந்த மண்ணைக் கண்டாலே எனக்கு ஆகாது!"

என் முகம் பற்றி எரிந்தது. சாதாரணமாக எனக்கு இப்படி ஒரு அவமானம் வந்தால் கோபமும் கூடவே வரும். அன்று கோபம் வரவில்லை; கேள்விதான் வந்தது. தண்ணீர் கீழே. மண்ணும் கீழே ஓடுகிறது. எல்லாமே கீழே போகத் துடிக்கிற ஒரு இடத்தில் இந்த மனிதர்கள் மட்டும் ஏன்?

"அப்படியானால் நீங்களும் கீழேயே இருந்திருக்கலாமே?" என்று கேட்டேன். "ஏன் இறங்கவில்லை?"

ஸயாமா மூலையிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கிழவர் சிரிப்பை நிறுத்தினார். ஜன்னல் வழியே விரலால் கீழே காட்டினார். பிறகு மெதுவாகப் பேசினார்; இந்த முறை எனக்கே புரிந்தது.

"முதலில் ஏறியவர்கள் தங்குவதற்கு ஏறவில்லை, பெண்ணே. ஊர் அப்போது கீழேதான், ஆற்றங்கரையில். யாரோ வந்து கொளுத்திவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஒரு குளிர்காலத்தை மட்டும் மேலே ஓட்டிவிட்டு, பனி உருகியதும் இறங்கிவிடலாம் என்று ஏறினார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தொள்ளாயிரம் வருடம் ஆகிறது. இன்னும் இறங்கவில்லை."

வெள்ளைக் கடலுக்கு மேலே, வெயிலில், கையில் மூட்டையோடு ஒரு கூட்டம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. பனி உருகட்டும், பனி உருகட்டும் என்று சொல்லிக்கொண்டே அவர்கள் அடுப்பு மூட்டினார்கள், சுவர் எழுப்பினார்கள், கிணறு வெட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள். ஊர் என்பது இவ்வளவுதானா? இவ்வளவு பெரியதா?

திருமதி வீகாண்ட் திரும்பவும் திரைக்கு வந்தார். அவர் முகத்தில் இருந்த களைப்பு கொஞ்சம் விலகியிருந்தது.

"மண்ணைப் பற்றி நீங்கள் சொன்னது தவறு," என்றார். "ஆனால் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இங்கே இருப்பவர்களிடம் மருந்து சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்கிறோம். ஏன் இறங்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. ஏப்ரலில் வர முடியுமா?"

வர முடியும் என்பதை நான் எந்த மொழியில் சொன்னேன் என்று நினைவில்லை. பேட்டரியை அணைத்த கையோடு ஸயாமா என்னைக் கட்டிக்கொண்டார். கீழே வாளிக் கடைக்காரர் மேலே என்ன சத்தம் என்று படியில் பாதி ஏறி வந்து பார்த்தார்.

பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அம்மாவின் கடையில் மாலைக் கூட்டம். பொட்டலத்துக்குப் பொட்டலம் கை ஓடிக்கொண்டிருந்தது. "கெடைச்சிருச்சும்மா" என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். முன்னால் நின்றவர்களிடம் பர்மியத்தில் என் மகள் ஜெர்மனி போகிறாள் என்று சொன்னாள். வந்தவர்கள் எல்லாம் வாழ்த்தினார்கள். ஒருவருக்குச் சமூசா ஒன்று அதிகமாகவே போட்டாள். பிறகு கத்தரியை எடுத்து அடுத்த சமூசாவை வெட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"எத்தன வருசம்?"

"மூணே வருசந்தாம்மா. படிப்பு முடிஞ்சதும் ஓடியாந்துருவேன்."

கத்தரி நின்றது.

"ஒன் பூட்டனும் இப்படித்தான் சொல்லிட்டுக் கப்பல் ஏறுனாராம்," என்றாள். "கொஞ்ச வருசம் மூட்டை தூக்கிட்டு ஊருக்கு வந்துருவேன்னு. அவுங்க ஆத்தா கடைசி வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்துச்சாம்." சொல்லிவிட்டு மறுபடி வெட்ட ஆரம்பித்தாள். "அந்தப் பொண்ணு ரொம்ப நேரமா நிக்கிது பாரு. புளித்தண்ணிய எடு."

எடுத்துக் கொடுத்தேன். மலையைப் பற்றி அத்தனை நாளும் ஒன்று விடாமல் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். முதலில் ஏறியவர்கள் தங்குவதற்கு ஏறவில்லை என்று அந்தக் கிழவர் சொன்னதை மட்டும் நான் சொல்லவில்லை.